பூனையை உள்ளே வைப்பதா, வெளியே விடுவதா? – ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். போன முறை நாய்க்குட்டிக்குப் பல் முளைக்கும் விஷயத்தைப் பேசிக்கொண்டிருந்தோம். அதையே தொடரலாம் என்றுதான் இருந்தேன். நடுவில் தாம்பரம் பக்கமிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வி வந்து மறித்துக்கொண்டது.

அவர்கள் வீட்டில் ஒரு கடுவன் பூனை, ஒன்பது மாதம். மழையில் நனைந்துகொண்டு கிடந்த குட்டியை மகள் எடுத்து வந்திருக்கிறாள். தனி வீடு, பின்னால் கொஞ்சம் தோட்டம், இரண்டு தெரு தள்ளி மெயின் ரோடு. இத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே சமர்த்தாக இருந்த பூனை, இப்போது விடியற்காலை நான்கு மணிக்கு வாசல் கதவைப் பிறாண்டிக் கத்துகிறது. மாமியார், "பூனையைப் போய் யாராவது அடைத்து வைப்பார்களா? எங்கள் ஊரில் அது பாட்டுக்குப் போகும், சோற்று வேளைக்கு வந்துவிடும்" என்கிறாராம். வெளியே விட்டால் வண்டியில் அடிபட்டுவிடும் என்று மகள் அழுகிறாளாம். "யார் சொல்வது சரி டாக்டர்? நீங்கள் சொன்னால் வீட்டில் கேட்பார்கள்" என்று முடித்திருக்கிறார். மாமியாருக்கும் மகளுக்கும் நடுவில் என்னைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் அம்மா. பரவாயில்லை.

மாமியார் சொல்வதில் பொய் எதுவும் இல்லை. நெல் மூட்டை, மாட்டுக் கொட்டகை, வைக்கோல் போர் இருந்த வீட்டில் பூனைக்கு எலி பிடிக்கும் வேலை இருந்தது, சுற்றிவர இடமும் இருந்தது. ஆனால் அவரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். அந்த ஊர் வீட்டில் எப்போதும் ஒரு பூனை இருந்திருக்கும். அது ஒரே பூனையா? "ஒரு நாள் போச்சு, அப்புறம் வரவே இல்லை" என்பார். சாம்பல் பூனை போனது, அதன் குட்டி வந்தது, அதுவும் போனது. போனதை யாரும் கணக்கு வைக்கவில்லை, அடுத்தது தயாராக இருந்தது. உங்கள் மகளுக்கு அப்படி இல்லை. அவளுக்கு இந்தப் பூனைதான் பூனை. இரண்டு பேரும் பேசுவது வேறு வேறு விஷயம்.

சரி. தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன கேட்பேன் என்று தெரியும். கருத்தடை ஆபரேஷன் ஆகிவிட்டதா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. ஒன்பது மாதக் கடுவன், விடியற்காலைக் கூச்சல், கதவுப் பிறாண்டல். ஆகவில்லை என்று நானே முடிவு செய்துகொள்கிறேன். அது கேட்பது சுதந்திரம் இல்லை அம்மா. அக்கம்பக்கத்தில் ஏதோ ஒரு பெட்டை சூட்டுக்கு வந்திருக்கிறது, அந்த வாசனை இதற்கு வந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்தால், பெரும்பாலான கடுவன்களில் சில வாரங்களுக்குள் இந்த அலைச்சலும் கத்தலும் சுவரில் சிறுநீர் பீய்ச்சுவதும் தணிந்துவிடும். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துபோகும்.

ஆபரேஷன் செய்யாத கடுவனை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். கிளினிக்கில் அடிக்கடி பார்ப்பதுதான். "இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை, கன்னம் வீங்கியிருக்கிறது, பல் வலியோ என்னவோ" என்று தூக்கி வருவார்கள். தொட்டால் சுடும். அந்த இடத்தில் முடியை வழித்துப் பார்த்தால் குண்டூசி குத்தியதுபோல இரண்டு புள்ளி இருக்கும், வேறு காயமே தெரியாது. இன்னொரு கடுவனின் கோரைப்பல். பல் ஆழமாக இறங்கியிருக்கும், மேல்தோல் மறுநாளே மூடிக்கொள்ளும், உள்ளே சீழ் கட்டிக்கொண்டே போகும். கீறிவிட்டால் கிண்ணம் நிறைய வரும், நாற்றம் அறையில் நிற்க விடாது. இது ஆறிவிடும். அதே கடி வழியாக எஃப்ஐவி என்ற வைரஸும் ஏறலாம். மெல்ல மெல்ல எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும், முழுதாகக் குணப்படுத்த மருந்து கிடையாது.

பெட்டை வைத்திருப்பவர்கள் இதைக் கேட்டு நிம்மதியாக உட்கார வேண்டாம். நாலைந்து மாதத்திலேயே சினை பிடித்துவிடும். இணை சேர்ந்த பிறகுதான் பூனைக்குக் கருமுட்டையே வெளியாகும், அதனால் தப்புவது அபூர்வம். இரண்டு மாதத்தில் குட்டி. "அது இன்னும் குழந்தை டாக்டர், வயிறு உப்பிக்கொண்டது, கேஸ்தான்" என்று அழைத்து வருவார்கள். ஸ்கேனில் அந்தக் கேஸுக்கு நான்கு இதயம் துடிக்கும்.

தடுப்பூசி பற்றி முன்பே விரிவாகப் பேசியாகிவிட்டது, ஒரு வரி மட்டும். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு ஊசி எதற்கு என்று கேட்கிறார்கள். பூனைகளின் பார்வோ என்கிறோமே, அந்த வைரஸ் உங்கள் செருப்பில் ஒட்டிக்கொண்டு உள்ளே வரும். ட்ரைகேட் என்ற கூட்டுத் தடுப்பூசியும் ரேபிஸ் ஊசியும் எல்லாப் பூனைக்கும் உண்டு.

இனி வெளியே. வண்டி, தெருநாய், எலி மருந்து, எலி ஒட்டுகிற பசை அட்டை. இவை உங்களுக்கே தெரியும், மகளும் சொல்லிவிட்டாள். யாரும் கேட்காத பக்கம் ஒன்று இருக்கிறது. பூனைக்கு வெளியே என்ன ஆகும் என்றே கேட்கிறோம், வெளியே இருப்பவற்றுக்குப் பூனையால் என்ன ஆகும்?

நியூசிலாந்தில் ஸ்டீபன்ஸ் என்று ஒரு சின்னத் தீவு. 1894-இல் அங்கே கலங்கரை விளக்கம் வந்தது, ஆட்கள் குடியேறினார்கள், கூடவே பூனையும் வந்தது. பறக்கத் தெரியாத குட்டிப் பறவை ஒன்று அந்தத் தீவில் இருந்தது. கொஞ்ச காலத்திலேயே அந்த இனமே இல்லாமல் போயிற்று. விளக்குக் காவலரின் ஒரே பூனை ஓர் இனத்தையே தின்று தீர்த்தது என்று கதையாகச் சொல்வார்கள். அது மிகை. வந்த பூனை குட்டி போட்டது, குட்டி குட்டி போட்டது, தீவு முழுக்கப் பூனை. பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி நான் ஆபரேஷனுக்கே வருகிறேன்.

அமெரிக்காவில் 2013-இல் ஒரு மதிப்பீடு வந்தது. ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகள் வரை பூனைகளால் சாகின்றன என்றார்கள். அதில் பெரும்பங்கு உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது, அதையும் சொல்லிவிட வேண்டும். ஜெர்மனியில் வால்டோர்ஃப் என்ற ஊரில் 2022-இல், கொண்டை வானம்பாடி தரையில் கூடு கட்டும் காலத்தில், ஆகஸ்ட் கடைசி வரை பூனைகளை வெளியே விடக் கூடாது என்று உத்தரவே போட்டார்கள். ஆஸ்திரேலியாவின் கான்பெராவில் 2022 ஜூலைக்குப் பிறகு பிறந்த பூனைகளை வீட்டு எல்லைக்குள்தான் வைத்திருக்க வேண்டும். நமக்கு அப்படிச் சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் உங்கள் தோட்டத்துச் செம்பருத்தியில் கோடையில் கொண்டைக்குருவி கூடு கட்டும். பறக்கப் பழகும் குஞ்சு இரண்டு நாள் தரையில்தான் தத்திக்கொண்டிருக்கும். தையல்சிட்டு, அணில் குட்டி, அரணை எல்லாம் இருக்கும். வயிறு நிறைந்த பூனையும் பிடிக்கும். பசியும் வேட்டையும் பூனைக்குள் தனித்தனியாக ஓடுகின்றன.

இங்கிலாந்தில் எக்ஸிடர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது. வேட்டைக்குப் போகும் வீட்டுப் பூனைகளை எடுத்துக்கொண்டு பல வழிகளை முயன்று பார்த்தார்கள். கழுத்தில் மணி கட்டியதில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று இத்தனை காலமாகக் கேட்டுக்கொண்டிருந்தோம், கட்டியும் பெரிய பயன் இல்லை! தானியம் இல்லாத, இறைச்சிப் புரதம் நிறைந்த உணவு கொடுத்தபோது, வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 சதவீதம் குறைந்தது. தினமும் ஐந்து முதல் பத்து நிமிடம் பூனையோடு விளையாடியபோது 25 சதவீதம் குறைந்தது. வெறும் விளையாட்டு! ஒரு குச்சி, ஒரு கயிறு, முனையில் ஒரு இறகு.

இதனால்தான் எனக்கு இந்த "உள்ளேயா வெளியேயா" என்ற கேள்வியே கொஞ்சம் இடிக்கிறது. என்னிடம் நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: மாலை ஐந்து மணிக்கு என் பூனைக்கு வீட்டில் என்ன வேலை? பூனை அந்தி சந்தியில் விழித்துக்கொள்ளும் பிராணி. அந்த நேரத்தில் நம் வீட்டில் டிவி ஓடுகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, பூனையை யாரும் கண்டுகொள்வதில்லை. காலையில் ஒரு கிண்ணம் நிறையக் கொட்டி வைத்துவிட்டோம் என்றால், அன்றைக்கு அதற்கு வேறு சோலியே கிடையாது. தூங்கும், பெருத்துப்போகும், நடுராத்திரியில் உங்கள் கால் கட்டைவிரலை எலியாக நினைத்துக்கொள்ளும்.

ஒரு நாள் உணவை நாலைந்தாகப் பிரியுங்கள். ஒரு பங்கை முட்டை அட்டையின் குழிகளில் போட்டு மேலே காகிதத்தைக் கசக்கி வையுங்கள், தோண்டி எடுக்கட்டும். ஒரு பங்கை மாடிப்படியில் ஒவ்வொன்றாக எறியுங்கள், ஓடிப் பிடிக்கும். கயிற்றை ஆட்டும்போது முகத்துக்கு நேரே ஆட்டாதீர்கள். எந்த எலியும் பூனையை நோக்கி வராது, அதைவிட்டு ஓடும். சோபா மூலையில் பாதி மறைத்து நிறுத்துங்கள், மெல்ல இழுங்கள். பின்பக்கத்தை ஆட்டிக்கொண்டு பதுங்கும் பாருங்கள், அந்த அரை நிமிடம்தான் அதற்கு விளையாட்டு. கடைசியில் பிடிக்க விடுங்கள், பிடித்ததும் கொஞ்சம் சாப்பாடு வையுங்கள். இரவு பத்து மணிக்கு இதை ஒரு தரம் செய்து பாருங்கள். வேட்டை, சாப்பாடு, நக்கிக் குளியல், தூக்கம் என்று அதுவே வரிசையாகப் போகும், நாலு மணிக் கச்சேரி தானாகக் குறையும். அப்படியும் கத்தினால் கதவைத் திறக்காதீர்கள். பத்து நாள் திறக்காமல் இருந்து பதினோராம் நாள் பொறுக்க முடியாமல் திறந்தீர்கள் என்றால், பத்து நாள் கத்தினால் திறக்கும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான்.

என் முடிவைக் கேட்டால், உங்கள் இடத்துக்கு உள்ளே. முதலில் ஆபரேஷன், பிறகு பின்பக்க வராந்தாவை மேலிருந்து கீழ்வரை வலை அடித்துக் கொடுங்கள். மாமியார் காலையில் அங்கே உட்கார்ந்து கீரை ஆய்ந்தால் பூனையும் பக்கத்தில் வெயில் காயும். வெளிக்காற்றும் ஆயிற்று. ஊர்ப்புறத்தில், ரோடு தள்ளி இருப்பவர்களிடம் நான் இவ்வளவு கறாராக இல்லை. ஆபரேஷன் ஆனதா, ஊசி போட்டாயிற்றா, பகலில் சுற்றட்டும். பொழுது சாயும் நேரத்துக்கு இரவுச் சாப்பாட்டை வைத்துப் பழக்கிவிட்டால் அதுவே உள்ளே வந்துவிடும், கதவைச் சாத்திவிடலாம். கட்டுவிரியன் நடமாடுவதும் ராத்திரியில்தான்.

அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பூனை எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் காலூன்றிவிடும், ஒன்றும் ஆகாது என்று நம்பாதீர்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி 1987-இல் ஒரு கட்டுரை வந்தது. பத்தில் ஒன்பது பிழைத்தன என்பதை மட்டும் எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள். அவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வரப்பட்ட பூனைகள். விழுந்த இடத்திலேயே செத்ததை யார் தூக்கி வருவார்கள்? பிழைத்ததிலும் நுரையீரல் அடி, தாடை உடைவு, கால் முறிவு. பால்கனிக்கு வலை போடுங்கள். புறாவுக்கு அடிக்கும் நைலான் வலையைச் சில பூனைகள் கடித்துவிடும், அவ்வப்போது ஓரங்களைப் பார்க்க வேண்டும். இன்விசிபிள் கிரில் என்றால் கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழைந்துவிடும், வளரும்வரை கீழ்ப்பகுதிக்குக் கூடுதலாக வலை வேண்டும்.

சகோதரி கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருக்கிறார். நாத்தனார் பிரசவத்துக்கு வரப்போகிறார், பூனை உள்ளேயே இருந்தால் குழந்தைக்கு ஆபத்து என்று பக்கத்து வீட்டில் பயமுறுத்துகிறார்களாம். டாக்சோபிளாஸ்மா என்ற கிருமியைத்தான் சொல்கிறார்கள். அலட்சியப்படுத்தவும் வேண்டாம், பூனையை விரட்டவும் வேண்டாம். எலி பிடித்தும் பச்சைக் கறி தின்றும்தான் பூனைக்கு அது வருகிறது, ஆகவே உள்ளே இருந்து வேகவைத்ததைச் சாப்பிடும் பூனை உங்களுக்குச் சாதகம். அப்படியே வந்தாலும், பெரும்பாலும் முதல் தொற்றின்போது ஓரிரு வாரம்தான் மலத்தில் கிருமியை வெளியேற்றும். அந்த மலமும் குறைந்தது ஒரு நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் நிலைக்கு வரும். மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்தால் பயம் பெருமளவு போய்விடும். அரைவேக்காட்டு இறைச்சியும் சரியாகக் கழுவாத கீரையும் தோட்டத்து மண்ணும் இதைவிடக் கவனிக்க வேண்டியவை. நாத்தனார் தன் டாக்டரிடமும் சொல்லி வைக்கட்டும். மலத்தட்டை மட்டும் அவர் தொட வேண்டாம். அந்த வேலையை அவருடைய அண்ணன், அதாவது உங்கள் வீட்டுக்காரர், பார்த்துக்கொள்ளட்டும்.