அவுட்டர் டெல்லி: 33 லட்சம் வாக்காளர்கள், ஒரே ஒரு எம்.பி.

[திரையில்: இந்திய வரைபடம். லட்சத்தீவும் டெல்லியும் மட்டும் ஒளிர்கின்றன.]

2004 நாடாளுமன்றத் தேர்தல். லட்சத்தீவின் வாக்காளர் பட்டியலில் 40,000 பேர்கூட இல்லை. அவர்களுக்கு ஒரு எம்.பி. டெல்லியில் ஒரு தொகுதி, பட்டியலில் 33 லட்சத்துக்கும் மேல். அவர்களுக்கும் ஒரு எம்.பி.தான்.

லட்சத்தீவை விடுங்கள், அது தீவு, அதற்கென்று ஒரு நியாயம் உண்டு. அதே டெல்லிக்குள் பாருங்கள். செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் சாந்தினி சௌக் தொகுதியில் வாக்காளர்கள் நாலு லட்சத்துக்கும் கீழே. அங்கே கபில் சிபல் ஒன்றேகால் லட்சத்தைச் சற்றே தாண்டிய வாக்குகளில் ஜெயித்துவிட்டார். அந்த 33 லட்சம் பேர் தொகுதியில் ஜெயித்தவர் வாங்கியது எட்டரை லட்சத்துக்கும் மேல்! சாந்தினி சௌக்கின் மொத்தப் பட்டியலைவிட இரண்டு மடங்கு.

இந்தியாவின் மிகப் பெரிய தொகுதி என்று பெயர் வாங்கிய அந்த அவுட்டர் டெல்லி இன்று கிடையாது. இந்திக்காரர்கள் 'பாஹரி தில்லி' என்பார்கள். தமிழில் வெளி டெல்லி. அது எப்படி அவ்வளவு வீங்கியது, யார் யார் அங்கே நின்றார்கள், கடைசியில் எப்படிக் காணாமல் போனது என்பதுதான் இந்த வீடியோ.

[திரையில்: டெல்லி வரைபடம். வடக்கிலிருந்து தென்கிழக்கு வரை ஒரு குதிரை லாடம்.]

வடக்கே ஹரியானா எல்லையில் நரேலா. அங்கிருந்து பவானா, நாங்லோய், நஜஃப்கர், பாலம், மெஹ்ரோலி, துக்ளகாபாத், தென்கிழக்கு மூலையில் பதர்பூர். நகரத்தை மேற்குப் பக்கமாக வளைத்துப் பிடித்த ஒரு லாடம். பெயரைக் கவனியுங்கள், வெளி டெல்லி. நகரத்தில் உட்கார்ந்து பார்த்தவர் வைத்த பெயர் அது. புது டெல்லி, சதர், கரோல் பாக் என்றெல்லாம் பிரித்துக்கொண்டபின் மிச்சம் இருந்த வயல்களும் கிராமங்களும் சேர்ந்து ஒரு தொகுதி. குத்துப் மினாரே இந்த 'வெளி'க்குள்தான் வரும் என்பது வேறு விஷயம்.

1952 முதல் தேர்தலில் இங்கிருந்து இரண்டு பேர் தேர்வானார்கள். அப்போது நாட்டில் பல இடங்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்தன: ஒருவர் பொது, இன்னொருவர் பட்டியல் சாதியினர். இங்கே ஜெயித்தவர்கள் நவல் பிரபாகர், சி. கிருஷ்ணன் நாயர். ஆமாம், நாயர். வட இந்திய விவசாயச் சாதியான ஜாட்களின் கிராமங்கள் நிறைந்த ஒரு தொகுதிக்குக் கேரளத்தில் பிறந்த காந்தியவாதி எம்.பி.! நரேலா பக்கத்துக் கிராமங்களில் ஆசிரமப் பணி செய்து வந்தவர். 1957-லும் அதே இருவர்தான். இன்று ஒரு தென்னிந்தியருக்கு அந்தப் பக்கம் எந்தக் கட்சியாவது சீட் கொடுக்குமா என்று யோசித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

1962-க்குள் இரட்டை உறுப்பினர் முறை ஒழிந்துவிட்டது. வந்தார் சௌத்ரி பிரம்ம பிரகாஷ். டெல்லியின் முதல் முதல்வர், 1952-ல் பதவி ஏற்றபோது வயது 33. கூட்டுறவு இயக்கத்தில் ஊறிய மனிதர், கிராமத்து ஆள். அவருடைய பிடி எவ்வளவு பலமானது என்பதற்கு 1967 போதும். அந்தத் தேர்தலில் டெல்லியின் ஏழு தொகுதிகளில் ஆறை, பா.ஜ.க.வின் முன்னோடியான ஜனசங்கம் தூக்கிக்கொண்டு போனது. காங்கிரசுக்கு மிஞ்சியது அவுட்டர் டெல்லி ஒன்றுதான். நகரம் ஒரு பக்கம் ஓட்டுப் போட்டது, வயல்வெளி வேறு பக்கம் போட்டது.

[திரையில்: மண் சாலை, வரிசையாகச் சின்னச் சின்ன மனைகள்.]

கதை திரும்பும் இடம் நெருக்கடி நிலை. 1975-லிருந்து 1977-க்குள் டெல்லியில் ஒன்றரை லட்சம் கட்டடங்கள் இடிக்கப்பட்டன என்பது நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா கமிஷனின் கணக்கு. அவற்றில் குடியிருந்தவர்கள் எங்கே போவார்கள்? லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கினார்கள். ஒரு குடும்பத்துக்கு 25 சதுர கஜம் மனை. நம் ஊர்க் கணக்கில் 225 சதுர அடி, அரை சென்ட்தான். சுல்தான்புரி, மங்கோல்புரி போன்ற மறுகுடியமர்வுக் காலனிகள் இப்படித்தான் அவுட்டர் டெல்லியில் முளைத்தன.

அது ஒரு வழி. இன்னொரு வழி, விவசாயி தன் நிலத்தைத் துண்டு போட்டு விற்பது. லேஅவுட் அனுமதி கிடையாது, சாக்கடை கிடையாது. பீகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வேலை தேடி வந்தவர்கள் வாங்கினார்கள், ஏனென்றால் அவர்கள் கைக்கு எட்டிய விலை அது ஒன்றுதான். பத்திரம் சரியில்லாத வீடு, ஆனால் வாக்காளர் அட்டை சரியாக இருக்கும். மூன்றாவது வழி அரசே கட்டியது: ரோகிணி, துவாரகா. ஆக ஏழை, நடுத்தரம், ஜாட் பண்ணையார், எல்லோரும் ஒரே தொகுதி.

1951-ல் டெல்லியின் மக்கள்தொகை 17 லட்சம். 2001-ல் 1 கோடியே 38 லட்சம். நகரத்தின் நடுவில் இடம் இல்லை, வந்தவர்களில் பெரும்பகுதி விளிம்புக்குத்தான் போனார்கள்.

[திரையில்: ஒரு பூட்டு. மேலே '1976'.]

சரி, மக்கள் கூடினால் தொகுதியை இரண்டாகப் பிரிக்க வேண்டியதுதானே? பிரிக்க முடியாது. 1976-ல் 42-வது அரசியல் சாசனத் திருத்தம் வந்தது. 1971 கணக்கெடுப்பின்படி எந்த மாநிலத்துக்கு எத்தனை எம்.பி. என்பதை அப்படியே நிறுத்தி வைத்தது. குடும்பக் கட்டுப்பாட்டைச் சரியாகச் செய்த மாநிலங்கள் தண்டனை பெறக் கூடாது என்பது காரணம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, நம்முடைய 39 நிற்பது அந்தப் பூட்டில்தான்.

ஆனால் அந்தத் திருத்தத்தில் இரண்டு பூட்டுகள் இருந்தன. மாநிலங்களுக்கு இடையிலான பங்கு ஒன்று. மாநிலத்துக்கு உள்ளே தொகுதிகளின் எல்லை இன்னொன்று. முதலாவதுக்கு நல்ல காரணம் இருந்தது. இரண்டாவதுக்கு? பதர்பூரில் ஆள் கூடினால் சாந்தினி சௌக்கின் எல்லையைக் கொஞ்சம் நகர்த்தலாம், எந்த மாநிலத்துக்கும் நட்டம் இல்லை. அதையும் சேர்த்துப் பூட்டியது தவறு என்றே நான் நினைக்கிறேன். அதன் விலையைக் கொடுத்தவர்கள் விளிம்பில் குடியேறியவர்கள். கடைக்கோடியில் மனை, அதற்கு மேல் எடை குறைந்த ஓட்டு.

இந்தக் கூட்டத்தைக் கையில் எடுத்தவர் சஜ்ஜன் குமார். 1980-ல் காங்கிரஸ் வேட்பாளராக பிரம்ம பிரகாஷையே தோற்கடித்தார். நாலு ஆண்டுகள் கழித்து, 1984 நவம்பர். இந்திரா காந்தி கொலைக்குப் பின் சீக்கியர்கள் வேட்டையாடப்பட்டபோது சுல்தான்புரி, மங்கோல்புரி, பாலம் காலனி ஆகியவை மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட இடங்களில் இருந்தன. கும்பலைத் தூண்டியதாக எம்.பி. மீதே சாட்சிகள் விரல் நீட்டினார்கள். அடுத்த மாதத் தேர்தலில் கட்சி அவருக்குச் சீட் கொடுக்கவில்லை. ஆனால் 1991-ல் கொடுத்தது, ஜெயித்தார். 2004-ல் மறுபடி கொடுத்தது. தொடக்கத்தில் சொன்ன எட்டரை லட்சம் வாக்கு யாருக்கு என்று நினைத்தீர்கள்? இவருக்குத்தான். பாலம் ராஜ் நகரில் ஐந்து சீக்கியர்கள் கொல்லப்பட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்க 2018 டிசம்பர் ஆனது. 34 ஆண்டுகள். 2025-ல் இன்னொரு வழக்கிலும் ஆயுள்.

இடையில் பா.ஜ.க.வின் காலம். 1996, 1998 கிருஷண் லால் சர்மா. 1999-ல் சாஹிப் சிங் வர்மா, முண்ட்கா கிராமத்து ஜாட். வெங்காய விலை எகிறிய 1998-ல் டெல்லி முதல்வர் பதவியை விட்டவர், அரசு வீட்டைக் காலி செய்து டவுன் பஸ் ஏறி ஊருக்குப் போனார் என்று அந்தப் பக்கம் இன்றும் சொல்வார்கள்.

[திரையில்: லாடம் துண்டு துண்டாகிறது.]

பூட்டு திறந்தது 2001-க்குப் பிறகுதான், அதுவும் பாதி. மாநிலப் பங்கு 2026 வரை தொடரட்டும், உள் எல்லைகளை மட்டும் மாற்றலாம் என்று முடிவானது. குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் 2001 கணக்கெடுப்பை வைத்து வரைந்த கோடுகள் 2008-ல் நடைமுறைக்கு வந்தன. சென்னைப் புறநகரில் அம்பத்தூர், மதுரவாயல் என்று புதிய சட்டமன்றத் தொகுதிகள் பிறந்ததும் அதே மறுவரையறையில்தான்.

டெல்லிக்கு அதே ஏழு எம்.பி.க்கள், ஆனால் ஒவ்வொன்றிலும் சரியாகப் பத்து சட்டமன்றத் தொகுதிகள். அவுட்டர் டெல்லி கலைந்தது. வடக்குப் பகுதி வடமேற்கு டெல்லி என்ற, பட்டியல் சாதியினருக்கான தனித் தொகுதிக்கும், நடுப்பகுதி மேற்கு டெல்லிக்கும், தெற்குப் பகுதி தெற்கு டெல்லிக்கும் போயின.

2009-ல் தெற்கு டெல்லிக்குக் காங்கிரஸ் முதலில் அறிவித்தது சஜ்ஜன் குமாரைத்தான். அந்த ஏப்ரலில் உள்துறை அமைச்சர் ப. சிதம்பரம் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தபோது, 1984 பற்றிக் கேட்ட ஒரு சீக்கியப் பத்திரிகையாளர் ஷூவைக் கழற்றி எறிந்தார். ஷூ படவில்லை, சஜ்ஜனின் சீட் போய்விட்டது. கட்சி அவருக்குப் பதிலாக நிறுத்தியது அவருடைய தம்பி ரமேஷ் குமாரை. ஜெயித்தார். மேற்குத் துண்டில் 2014-லும் 2019-லும் ஜெயித்தது சாஹிப் சிங்கின் மகன் பர்வேஷ் வர்மா.

தேர்தல் ஆணையப் பட்டியலில் இன்று அவுட்டர் டெல்லி இல்லை. டெல்லி போலீஸில் இருக்கிறது: அவுட்டர் மாவட்டம், அவுட்டர் நார்த் மாவட்டம். சுல்தான்புரியில் ஒரு திருட்டு நடந்தால் செய்தியில் இன்றும் 'பாஹரி தில்லி' என்றுதான் வருகிறது.