முறுக்குக் கணக்கு
(தமிழ்மொழி விழா மாதத்தில் சிங்கப்பூர்ச் சமூக மன்றமொன்றில் ஆற்றிய உரை)

மேடையில் வீற்றிருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் அவர்களே, வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, தலைவரின் துணைவியார் அவர்களே (அவர் தந்த இஞ்சிக் காப்பியில்தான் என் தொண்டை ஓடுகிறது), தேக்காவில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு வந்திருக்கும் முதலாளிமார்களே, கடைசி வரிசையில் கைப்பேசியோடு இருக்கும் செல்லங்களே, வணக்கம்.

தொழிலை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். மூன்று சொல்வேன்: கணக்கு, உயில், மொழி. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், பேச்சுக்கும் அதுதான்.

அப்பா புளோக்குக்குக் கீழே மளிகைக்கடை வைத்திருந்தார். கல்லாப்பெட்டி கிடையாது. மைலோ டின்னைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார். இழுத்தால் இறங்கும், விட்டால் ஏறும். எனக்கு ஒன்பது வயது, டிசம்பர் விடுமுறை. அப்பா சாப்பிடப் போன நேரம் பள்ளிக் கூட்டாளி வந்து பத்துக் காசுக்கு முறுக்கு கேட்டான். நான்தானே முதலாளி! புட்டிக்குள் கையைவிட்டு இரண்டு கை அள்ளிக் கொடுத்தேன். திரும்பி வந்த அப்பா புட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டவில்லை. கடன் எழுதும், அட்டையில் 555 என்று போட்ட சின்ன நோட்டில் புதிதாக ஒன்றை எடுத்து, மேலே என் பெயரை எழுதினார். ‘முறுக்கு, அறுபது காசு.’ “கொடுத்தது தப்பில்லைடா. ஆற்றில் போட்டாலும் அளந்து போடணும்” என்றார். கூட்டாளி மறுநாளும் வந்தான். அதற்கு மறுநாள் தம்பியோடு வந்தான்! (சிரிப்பு) பொங்கலுக்கு மாமா தந்த இரண்டு வெள்ளி டின்னோடு மேலே ஏறிப் போனதை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு சொல்லித் தந்த மனிதர் உயில் எழுதவில்லை. கடை அவர் ஒருவர் பெயரில். நிறுவனமாகப் பதியாத கடைக்குச் சட்டத்தில் தனி உயிர் இல்லை. அவர் கண்மூடிய வாரமே வங்கிக் கணக்கு முடங்கியது. அரிசிக்காரருக்குக் கொடுக்க அம்மா வளையலைக் கழற்றினார். உயில் இல்லாவிட்டால் மனைவிக்குப் பாதி, பிள்ளைகளுக்கு மீதிப் பாதி சமமாக என்று இங்குள்ள சட்டமே பிரித்துவிடும். முஸ்லிம் அன்பர்களுக்கு ஃபராயிட் என்ற இஸ்லாமியப் பங்கீட்டு முறை. கடையில் நின்று உழைத்த பிள்ளை யாரென்று சட்டம் கேட்காது. 21 வயதானால் உயில் எழுதலாம். 18 வயதானால் பிள்ளையை நிறுவன இயக்குநராக்கலாம். இறந்தவர் சொத்துக்கு இருந்த வரியையும் 2008-இல் எடுத்துவிட்டார்கள். மீதியை வழக்கறிஞர் அம்மா பேசுவார். அவர் பங்கை நான் தின்னக்கூடாது.

நான் வந்தது மூன்றாவதற்காக. அந்த நோட்டைப் போன மாதம் பேத்தியிடம் காட்டினேன். எண்களைச் சட்டென்று கூட்டிவிட்டாள். “இது என்ன தாத்தா?” என்று ‘முறுக்கு’ என்ற சொல்லைக் காட்டிக் கேட்டாள். தாத்தாவின் அப்பா எழுதிய ஒரு சொல்லைப் படிக்கத் தெரியவில்லை! ஞாயிற்றுக்கிழமை சிராங்கூன் சாலையில் கூடும் நம் தொழிலாளர்கள் எந்த மொழியில் விலை கேட்கிறார்கள்? பங்கைப் பிள்ளை பெயருக்கு மாற்றிவிடலாம் ஐயா; “அக்கா, கறிவேப்பிலை சும்மா எடுத்துக்குங்க” என்பதை எந்தப் பத்திரத்தில் எழுதி மாற்றுவது? சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளையைக் கல்லாவில் நிறுத்துங்கள். தமிழில் பேசட்டும், தமிழில் எழுதட்டும்.

நேரமாயிற்று என்று சீட்டு வந்துவிட்டது. வெளியே மேசையில் 555 நோட்டுகள் அடுக்கியிருக்கிறேன், பிள்ளைக்கு ஒன்று. காசு வேண்டாம். ஆனால் எடுக்கிறவர்கள் பெயரைத் தமிழில் எழுதிவிட்டு எடுங்கள். ஆற்றில் போட்டாலும்... (அவையோர் முடிக்கின்றனர்.) நன்றி, வணக்கம்.