50 வாட்ஸ் ஆம்பை (ஆம்ப்ளிஃபையரை) மாற்றி 100 வாட்ஸ் வாங்கலாமா?

சரி, அடுத்த கேள்வி. திருச்சியிலிருந்து ஒரு நேயர் கேட்கிறார்: "என்னிடம் 50 வாட்ஸ் ஸ்டீரியோ ஆம்ப், 8 ஓம்ஸ் புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர், சென்சிடிவிட்டி 87 டெசிபல். ஹால் பன்னிரண்டுக்குப் பதினாறு அடி. சத்தத்தைக் கூட்டினால் வயலின் காதைக் குத்துகிறது, தவில் கொழகொழவென்று கேட்கிறது. 100 வாட்ஸ் ஆம்ப் வாங்கினால் சரியாகுமா?"

அவசரப்படாதீர்கள். 50 வாட்ஸ் 100 ஆனால் உங்களுக்குக் கிடைப்பது 3 டெசிபல்தான். அது காதுக்குக் கொஞ்சம் கூடின மாதிரி இருக்கும், அவ்வளவே. சத்தம் இரண்டு மடங்காகத் தோன்றவே சுமார் 10 டெசிபல் கூட வேண்டும், அதற்கு 500 வாட்ஸ் ஆகும். 87 டெசிபல் என்றால் 1 வாட்டில், 1 மீட்டர் தூரத்தில் வரும் சத்தம். அதனால் நாம் வீட்டில் சாதாரணமாகக் கேட்கும்போது சராசரியாக ஓடுவது ஒன்றிரண்டு வாட்ஸ்தான். மீதி எல்லாம் தவில் அடி மாதிரி திடீரென்று எழும் இடங்களுக்கான கையிருப்பு.

அந்தக் கையிருப்பு போதவில்லையா என்பதை ஊகிக்க வேண்டாம், அளந்தே பார்க்கலாம். நீங்கள் அதிகபட்சமாகக் கேட்கும் அளவில் வால்யூமை வைத்துவிட்டு, ஆம்பை அணைத்து ஸ்பீக்கர் வயர்களைக் கழற்றுங்கள். அப்புறம் வால்யூமைத் தொடாமல் ஆம்பைப் போட்டு, 0 டெசிபலில், அதாவது டிஜிட்டல் பதிவின் உச்ச அளவில், பதிவான 50 ஹெர்ட்ஸ் டெஸ்ட் டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் டெர்மினலில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 8 ஓம்ஸுக்கு 50 வாட்ஸ் என்றால் 20 வோல்ட். உங்கள் மீட்டர் 8, 10 என்று காட்டினால் ஆம்ப் அதன் எல்லைப் பக்கமே போகவில்லை, குறை வேறு எங்கோ இருக்கிறது. ஒரு விஷயம், வால்வ் ஆம்ப் (பழைய பாணிக் கண்ணாடிக் குழாய் ஆம்ப்) வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். லோடு இல்லாமல் ஓட்டினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம்.

20 வோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால், அது கிளிப்பிங், அதாவது ஆம்ப் தன் எல்லையைத் தொட்டு ஒலி அலையின் உச்சியை வெட்டிவிடுகிறது. அப்போது பெரிய ஆம்ப் வாங்குவது நியாயமான செலவு, ஏனென்றால் அதே நிலையில் தொடர்ந்து ஓட்டினால் ட்வீட்டர் (கீச்சு ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) எரிந்துபோகலாம். 4 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு மாறப்போகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். அது கூடுதல் கரண்ட் இழுக்கும், அதைக் கொடுக்கத் தெரிந்த ஆம்ப் வேண்டும்.

ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறியைக் கேட்டால் எனக்கு அறையின் மேல்தான் சந்தேகம். நானும் இதே குறைக்காக ஒரு முறை ஆம்பை மாற்றினேன், துளி வித்தியாசம் இல்லை. பிறகு மூலையில் இருந்த ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தேன், தவில் தெளிந்தது. வெறும் டைல்ஸ் தரையில் ஒரு கனமான ஜமுக்காளம், ஜன்னலுக்குத் தடித்த திரை போட்டதும் வயலின் குத்துவதும் நன்றாகவே குறைந்தது.

கடையில் போய் இரண்டு ஆம்பை ஒப்பிடுவதாக இருந்தால், ஒரே வோல்டேஜ் வரும்படி இரண்டின் வால்யூமையும் சமன் செய்யச் சொல்லுங்கள். அரை டெசிபல், ஒரு டெசிபல் கூட இருந்தாலே நம் காது அதைத்தான் நல்ல ஆம்ப் என்று சொல்லும்.

முதலில் ஸ்பீக்கரை நகர்த்துங்கள், மீட்டரில் என்ன வந்தது என்று எழுதுங்கள், அந்த எண்ணை வைத்து மேலே பேசலாம்.