சீன ஃபிரிகேட் மட்டமா, ஆபத்தா? – நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். பாகிஸ்தான் கடற்படை பற்றிப் பேசியதற்குப் பிறகு ஒரு நேயர் இப்படிக் கேட்டிருக்கிறார்: "சீனா விற்கிற போர்க்கப்பல் எல்லாம் மட்டமான சரக்கு, தாய்லாந்து வாங்கி அவதிப்பட்டது என்று ஒரு பக்கம் சொல்கிறார்கள். பாகிஸ்தான் சீன ஃபிரிகேட் வாங்கிவிட்டது, இந்தியாவுக்கு ஆபத்து என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். மட்டமான கப்பல் என்றால் நாம் ஏன் கவலைப்பட வேண்டும்? இரண்டில் எது உண்மை?"

இரண்டுமே உண்மைதான். ஆனால் தாய்லாந்து வாங்கியதற்கும் பாகிஸ்தான் வாங்கியதற்கும் நடுவே முப்பது வருஷம் ஓடியிருக்கிறது. அந்த முப்பது வருஷத்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டால் உங்கள் சந்தேகம் தீர்ந்துவிடும்.

முதலில் ஃபிரிகேட் என்றால் என்ன என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். நாசகாரிக் கப்பலைவிடச் சிறியது, கார்வெட்டைவிடப் பெரியது. சரக்குக் கப்பல்களுக்குக் காவல் போவது, நீர்மூழ்கிக் கப்பலைத் தேடுவது என்று ஒரு கடற்படையின் அன்றாட வேலையில் பெரும்பகுதி இதன் தலையில்தான் விழும். அதனால்தான் பணம் குறைவாக உள்ள நாடுகள்கூட எப்படியாவது இரண்டு ஃபிரிகேட் வாங்கிவிடப் பார்க்கின்றன.

சீனா இதை 1950களில் ஆரம்பித்தது. சோவியத் யூனியன் கொடுத்த பாகங்களை வைத்து 4 கப்பல்களைக் கட்டினார்கள். 1960இல் இரு நாட்டு உறவும் கசந்து, சோவியத் நிபுணர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கையில் இருந்த வரைபடத்தையும் அனுபவத்தையும் வைத்துச் சீனர்களே தட்டித் தடுமாறி முன்னேறினார்கள். அதில் 1970களில் வந்ததுதான் டைப் 053 குடும்பம். மேற்கத்திய நாடுகள் இதற்கு ஜியாங்ஹு என்று பெயர் வைத்தன. கப்பலைத் தாக்கும் ஏவுகணை இருந்தது, அதுவும் பழைய சோவியத் ஏவுகணையின் வழிவந்தது. வானிலிருந்து வருகிற ஆபத்தைத் தடுக்க ஏவுகணை கிடையாது, வெறும் பீரங்கிதான். இந்த வகையை எகிப்து வாங்கியது, வங்கதேசம் வாங்கியது. அப்புறம் தாய்லாந்து.

தாய்லாந்துக் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். கம்போடியாவில் இருந்த வியட்நாம் படையை இருவருமே எதிர்த்ததால் பாங்காக்கும் பெய்ஜிங்கும் நெருங்கியிருந்த காலம் அது. 1988இல் 4 ஃபிரிகேட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தார்கள். 1991, 1992இல் கப்பல்கள் வந்து சேர்ந்தன. சாவோ பிரயா என்பது முதல் கப்பலின் பெயர். விலை மிகவும் மலிவு. ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் ஒயர்கள் மூடாமல் வெளியே தெரிந்தன. தீப்பிடித்தால் அணைக்கும் ஏற்பாடு போதவில்லை. ஓர் அறைக்குள் தண்ணீர் புகுந்தால் அடுத்த அறைக்குப் போகாமல் தடுக்கிற கதவுகளும் சரியில்லை. போர்க்கப்பலில் இது சாதாரணக் குறை இல்லை. அடி வாங்கிய பிறகும் மிதந்தால்தான் அது போர்க்கப்பல். புது வீட்டுக்குக் குடிபோன கையோடு ஒயரிங்கைப் பிரித்து மறுபடி போடுவது மாதிரி, தாய்லாந்து கடற்படை இதையெல்லாம் தானே சரிசெய்ய வேண்டியிருந்தது.

ஆனால் பலர் சொல்லாமல் விடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் தாய்லாந்து சீனாவை விட்டுவிடவில்லை. நரேசுவான், தக்சின் என்று இன்னும் இரண்டு பெரிய ஃபிரிகேட்டுகளைச் சீனாவில்தான் கட்டியது. இந்தத் தடவை வேறு கணக்குப் போட்டார்கள். கப்பலின் உடல் சீனாவுடையது. எஞ்சின் அமெரிக்காவின் எல்எம்2500 கேஸ் டர்பைன், கூடவே ஜெர்மன் டீசல். முன்பக்கப் பீரங்கியும் அமெரிக்காவுடையது. 1990களின் நடுவில் சேவைக்கு வந்த இந்த இரண்டையும் பிற்பாடு ஸ்வீடனின் சாப் நிறுவனத்தை வைத்து நவீனப்படுத்தி, இன்றும் ஓட்டுகிறார்கள். இரும்பை வெட்டி ஒட்டி உடலைக் கட்டுவது சீனாவுக்கு அப்போதே கைவந்த வேலை. எஞ்சின், ரேடார், ஏவுகணை, இவை எல்லாவற்றையும் ஒன்றாகப் பேச வைக்கிற போர் நிர்வாகக் கணினி, இதில்தான் பின்தங்கியிருந்தார்கள். தாய்லாந்தின் அடுத்த ஃபிரிகேட், 2019இல் சேவைக்கு வந்த பூமிபோல் அதுல்யதேஜ், தென்கொரியாவில் கட்டப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சீனாவுக்கு அந்தக் காலத்தில் இன்னொரு அடியும் விழுந்தது. 1980களில் பிரான்ஸிடமிருந்து விமானத்தை வீழ்த்தும் குரோட்டல் ஏவுகணை, டாஃபின் ஹெலிகாப்டர் என்று நல்ல நல்ல தொழில்நுட்பம் வந்துகொண்டிருந்தது. 1989இல் தியனன்மென் சதுக்கத்தில் நடந்த படுகொலைக்குப் பிறகு அமெரிக்காவும் ஐரோப்பாவும் ஆயுதத் தடை போட்டன. அமெரிக்க டர்பைன் தாய்லாந்துக் கப்பலுக்குக் கிடைத்தது, சீனாவின் சொந்தக் கப்பலுக்குக் கிடைக்காமல் போனது. சரி, கையில் உள்ளதை வைத்துக் கட்டுவோம் என்று இறங்கினார்கள். பிரெஞ்சு பீல்ஸ்டிக் டீசல் எஞ்சினை உரிமம் பெற்று உள்நாட்டிலேயே தயாரித்தார்கள். குரோட்டலைப் பார்த்து எச்கியூ-7 ஏவுகணை, டாஃபினை உரிமம் பெற்றுத் தயாரித்தது இசட்-9 ஹெலிகாப்டர்.

இப்போது டைப் 054க்கு வருவோம். சீனர்களின் வேலை முறையில் எனக்கு உண்மையிலேயே மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான். 2005இல் டைப் 054 என்று இரண்டே இரண்டு கப்பல்கள் வந்தன. உடல் முழுக்கப் புதிது, ரேடாரில் எளிதில் சிக்காத சாய்வான பக்கங்கள். ஆயுதம் மட்டும் பழையது, அதே எச்கியூ-7தான். எல்லாவற்றையும் ஒரே கப்பலில் புதிதாகப் போட்டுத் திணறவில்லை. உடல் கடலில் ஒழுங்காக நடக்கிறது என்று தெரிந்த பிறகு ஆயுதத்தை மாற்றினார்கள். அதுதான் 2008இல் சேவைக்கு வந்த 054ஏ.

வித்தியாசத்தைக் கப்பலின் முன்தளத்தில் பார்க்கலாம். பழைய கப்பலில் எட்டுக் குழாய் உள்ள ஒரு பெட்டி இருக்கும். எதிரி விமானம் வருகிற பக்கம் அந்தப் பெட்டி திரும்பிச் சுட வேண்டும். எட்டும் தீர்ந்தால் மறுபடி நிரப்பும்வரை அந்தக் கப்பலின் நிலைமை கஷ்டம்தான். 054ஏயில் அந்த இடத்தில் தளத்தோடு தளமாக 32 மூடிகள் இருக்கும். ஒவ்வொரு மூடிக்கும் கீழே செங்குத்தாக ஓர் ஏவுகணை. எந்தத் திசையில் ஆபத்து வந்தாலும் மேலே கிளம்பி அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளும். அதே குழாயில் நீர்மூழ்கியைத் தாக்கும் ராக்கெட்டையும் வைக்கலாம். எஞ்சின் மட்டும் இன்னமும் டீசல்தான், நான்கு எஞ்சின், வேகம் 27 நாட் அளவு, அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். டர்பைன் உள்ள கப்பல்கள் 30 நாட் வேகத்தைச் சாதாரணமாகத் தாண்டும். அந்தக் குறையைச் சீனர்கள் தெரிந்தே ஏற்றுக்கொண்டார்கள். டீசல் எரிபொருளை மிச்சப்படுத்தும், பராமரிப்பும் சுலபம்.

பிடித்த வடிவம் கிடைத்ததும் ஷாங்காயிலும் குவாங்சோவிலும் வரிசையாகக் கட்டினார்கள். 2019க்குள் 30 கப்பல்கள். 2008 டிசம்பரில் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிரான சீனக் காவல் பணி தொடங்கியது. அடுத்தடுத்த வருஷங்களில் அங்கே அதிகம் உழைத்தது இந்த 054ஏதான். 2015இல் ஏமன் போர் மூண்டபோது சீனர்களையும் வேறு பல நாட்டவரையும் ஏற்றிக்கொண்டு வந்தவையும் இவையே. வருஷக்கணக்கில் வீட்டைவிட்டு இவ்வளவு தூரம் ஓடிய கப்பலில் எந்தப் பாகம் தேயும், எது உடையும் என்பது கட்டியவருக்குத் தெரிந்துவிடும். தாய்லாந்துக்கு விற்ற காலத்தில் சீனாவிடம் இந்த அனுபவம் கிடையாது.

பாகிஸ்தான் விஷயத்தில் வருஷங்களைக் கவனியுங்கள். 2009இல் பாகிஸ்தானுக்கு முதல் எஃப்-22பி ஃபிரிகேட் கிடைத்தது, சுல்ஃபிகார் என்று பெயர். மொத்தம் நான்கு. மூன்று ஷாங்காயில், ஒன்று கராச்சியில் கட்டப்பட்டது. ஆனால் அது 053 குடும்பத்தின் கடைசி வாரிசு. எட்டுக் குழாய்ப் பெட்டிதான் அதில் இருந்தது. அதாவது சீனா தனக்கு 32 குழாய்க் கப்பலை வைத்துக்கொண்டு, நெருங்கிய நண்பனுக்குப் பழைய தலைமுறையைக் கொடுத்தது. 2021 நவம்பரில் துக்ரில் என்ற அடுத்த ஃபிரிகேட் வந்தபோது நிலைமை மாறிவிட்டது. அது 054ஏயேதான், சீனக் கடற்படையே ஓட்டுகிற கப்பல். 2023க்குள் தைமூர், திப்பு சுல்தான், ஷாஜஹான் என்று நான்கும் வந்துவிட்டன. கப்பலைத் தாக்க ஒலியைவிட வேகமாகப் போகும் சிஎம்-302 ஏவுகணை. இதைப் போய் மட்டமான சரக்கு என்று சொன்னால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம். ஆனால் சீனா தன்னிடம் உள்ள கடைசிச் சரக்கைக் கொடுத்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள். 2025 ஜனவரியில் அடுத்த தலைமுறையான 054பி, லுவோஹே என்ற பெயரில் சீனக் கடற்படையில் சேர்ந்துவிட்டது.

அப்படியானால் எல்லா நாடும் ஏன் சீனாவிடம் வாங்கவில்லை? வாங்கிய பிறகு வருகிற முப்பது வருஷம்தான் காரணம். ஏவுகணை, உதிரிப் பாகம், மென்பொருள் எல்லாவற்றுக்கும் அதே கதவைத்தான் தட்ட வேண்டும். அல்ஜீரியா இதை உணர்ந்து ஷாங்காயில் மூன்று கப்பல்கள் கட்டியபோது ரேடாரை ஐரோப்பாவின் தேல்ஸ் நிறுவனத்திடம் வாங்கிப் பொருத்தியது. பாகிஸ்தானே நான்கு கார்வெட்டுகளுக்குத் துருக்கியிடம் போனது. எஞ்சின் தொல்லையும் இன்னும் முழுதாகத் தீரவில்லை. தாய்லாந்து 2017இல் சீனாவிடம் ஒரு நீர்மூழ்கிக் கப்பல் வாங்க ஒப்பந்தம் போட்டது. அதற்கு ஜெர்மன் எஞ்சின் போடுவதாகப் பேச்சு. ஜெர்மனி தர மறுத்தது. வருஷக்கணக்கில் வேலை நின்று, 2025இல்தான் சீன எஞ்சினுக்குத் தாய்லாந்து அரசு சம்மதித்தது.

இலங்கைக்கு 2019இல் பராக்கிரமபாகு என்ற கப்பல் சீனாவிடமிருந்து அன்பளிப்பாகவே வந்தது. 1990களில் கட்டிய பழைய 053 வகை. இலங்கை அதை ரோந்துக்குத்தான் பயன்படுத்துகிறது. அதைப் பெரிய ஆபத்தாகக் காட்டுவது மிகை. ஆனால் அதை ஓட்டப் பயிற்சி கொடுப்பவரும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் சீனர்கள். அந்தத் தொடர்பு கப்பல் உள்ளவரை இருக்கும்.

இந்தியாவுக்கு வருகிறேன். நான்கு ஃபிரிகேட்டால் அரபிக் கடலில் பலம் தலைகீழாக மாறிவிடாது. ஒலியைவிட வேகமான பிரம்மோஸை நம் கப்பல்கள் ரொம்ப நாளாகவே சுமக்கின்றன, எண்ணிக்கையிலும் நாம் முன்னால் இருக்கிறோம். எனக்குக் கவலை தருவது வேறு. ஒரே வகைக் கப்பலை இரண்டு கடற்படைகளும் ஓட்டும்போது கராச்சியில் உள்ள பட்டறையும் உதிரிப் பாகக் கிடங்கும் சீனக் கப்பலுக்கும் பயன்படும். தைமூர் 2022 ஜூலையில் ஷாங்காய் அருகே சீனக் கடற்படையோடு கூட்டுப் பயிற்சி செய்துவிட்டு, ஊர் திரும்பும் வழியில் ஆகஸ்டில் கொழும்புக்கும் வந்து போனது. 2023 நவம்பரில் அதே பயிற்சி கராச்சியில் நடந்தது. பாகிஸ்தானிடம் எத்தனை ஃபிரிகேட் என்று எண்ணுவதைவிட இந்தப் போக்குவரத்தைத்தான் நான் கவனமாகப் பார்க்கிறேன்.

பாகிஸ்தான் சீனாவிடம் வாங்குகிற எட்டு ஹங்கோர் நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை இதற்குள் திணிக்க முடியாது, தனியாகவே பேசலாம்.