தசையை முறுக்கினால் உலகம் மாறும்: டிவிக்கு வந்த கடைசி வரிசை ஹீரோக்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்கு பேட்மேன் கிடையாது, ஸ்பைடர்மேன் கிடையாது. போஸ்டரில் கடைசி வரிசையில்கூட இடம் கிடைக்காத ஆட்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். அதிலும் சினிமாவை விட்டுவிடலாம், டிவி சீரிஸ் மட்டும் போதும். ஸ்பாய்லர் நிறைய வரும், அப்புறம் என்னைத் திட்டாதீர்கள்.

முதல் ஆள் ஃப்ளெக்ஸ் மென்டாலோ. இடுப்பில் சிறுத்தைப்புள்ளி ஜட்டி, காலில் பூட்ஸ், மற்றபடி உடம்பு முழுக்கத் தசை. கையை மடக்கித் தசையை முறுக்கினால் போதும், உலகத்தில் ஏதாவது ஒன்று மாறிவிடும். எழுத்தாளர் கிராண்ட் மாரிசன், டிசி காமிக்ஸின் விசித்திர ஹீரோக்கள் அணியான 'டூம் பேட்ரோல்' கதைகளை எழுதிக்கொண்டிருந்த 1990-களின் தொடக்கத்தில் பிறந்த பாத்திரம். காமிக்ஸில் இந்த மனிதர் என்ன செய்யப் பார்த்தார் தெரியுமா? அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகன், அந்த ஐங்கோணக் கட்டடம் இருக்கிறதே, அதைத் தசையை முறுக்கியே வட்டமாக்கப் பார்த்தார்!

இந்தக் கிண்டலுக்குப் பின்னால் ஒரு விளம்பரம் இருக்கிறது. பழைய அமெரிக்க காமிக்ஸ் புத்தகங்களில் அடிக்கடி வரும். கடற்கரையில் ஒரு நோஞ்சான் பையன், முரடன் ஒருவன் வந்து அவன் முகத்தில் மணலை எத்திவிடுவான். பையன் தபாலில் சார்லஸ் அட்லஸ் உடற்பயிற்சிப் பாடம் வாங்கி, உடம்பைத் தேற்றி, திரும்பி வந்து முரடனுக்கு ஒரு குத்து விடுவான். ஃப்ளெக்ஸ் அந்தப் பையனின் கேலி வடிவம். 1996-இல் ஃபிராங்க் குவைட்லி ஓவியத்தில் தனியாக நான்கு இதழ்கள் வந்தன. சார்லஸ் அட்லஸ் நிறுவனம் வழக்கே போட்டது. இது பகடி, தப்பில்லை என்று 2000-இல் நியூயார்க் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆனாலும் அந்த நான்கு இதழ்களும் தொகுப்பாக வர 2012 ஆகிவிட்டது.

சரி, இப்படிப்பட்ட ஆளை டிவியில் எப்படிக் காட்டுவது? 2019-இல் வந்த 'டூம் பேட்ரோல்' முதல் சீசன், பதின்மூன்றாவது எபிசோட். டெவன் சாண்ட்லர் லாங் நடித்திருக்கிறார். பல வருடங்கள் ரகசியச் சிறையில் அடைத்து வைத்ததில் மனிதர் பாதி நினைவை இழந்திருக்கிறார். டூம் பேட்ரோல் ஆட்களுக்கோ அவருடைய சக்தி உடனே வேண்டும். பயிற்சிக்காக ஒவ்வொரு தசையாக முறுக்குகிறார். ஒரு தடவை தவறான தசையை முறுக்கிவிடுகிறார். சுற்றியிருக்கிற எல்லோரும் ஒரே நேரத்தில் சுகத்தில் உருகிப் போகிறார்கள். குழந்தைகள் பார்க்கிற சேனலில் இதற்கு மேல் விவரிக்க முடியாது, புரிந்துகொள்ளுங்கள். ஆனால் அதே எபிசோடில் அவர் மனைவி டொலோரஸ் வருகிறார், அவரை ஃப்ளெக்ஸ் கண் முன்னாலேயே இழக்கிறார். ஜட்டி போட்ட ஆள் அழுகிறார், நமக்குச் சிரிப்பு வரவில்லை. டிவிக்கு இருக்கிற வசதி இதுதான். இரண்டு மணி நேரப் படத்தில் இவர் ஒரு ஜோக்காக வந்து போயிருப்பார். இங்கே அந்த ஜோக்கு முடிந்த பிறகும் அவர் கூடவே உட்கார்ந்திருக்க நேரம் இருக்கிறது.

அடுத்து எனக்கு ரொம்பப் பிடித்தவர், டேனி த ஸ்ட்ரீட். டேனி ஒரு தெரு. தெருவில் குடியிருக்கிற ஹீரோ என்று நினைக்காதீர்கள், தெருவேதான் ஹீரோ. 1990-இல் 'டூம் பேட்ரோல்' 35-ஆம் இதழில் வந்தவர். (அவர் என்றே சொல்கிறேன், அது என்றால் கோபித்துக்கொள்வார்.) உயிர் உண்டு, அறிவு உண்டு, குசும்பும் உண்டு. ஒரு ஊரிலிருந்து மறைந்து இன்னொரு ஊரில் இரண்டு தெருக்களுக்கு நடுவே சத்தமில்லாமல் போய் உட்கார்ந்துகொள்வார். பெண் வேடமிட்டுப் புகழ்பெற்ற பிரிட்டிஷ் மேடைக் கலைஞர் டேனி லா ரூவின் பெயரைத்தான் இவருக்கு வைத்தார்கள். ஆண், பெண் என்ற கணக்குக்குள் அடங்காதவர். எங்கேயும் இடம் கிடைக்காதவர்களுக்கெல்லாம் அடைக்கலம் தருபவர்.

முகம் இல்லை, குரல் இல்லை, கை கால் இல்லை. இதை எப்படி நடிக்க வைப்பது? முதல் சீசனின் எட்டாவது எபிசோடைப் பாருங்கள். கடைப் பலகையில் எழுத்து மாறும், அதுதான் டேனி பேசுவது. நம் கண் தானாகவே ஃபிரேமில் எங்கே போர்டு இருக்கிறது என்று தேட ஆரம்பித்துவிடும். பல கோடி கொட்டிக் கட்டடத்துக்கு வாயும் கண்ணும் வரைந்திருந்தால் கெட்டுப் போயிருக்கும். டேனியைப் பிடிக்க வந்த அரசு ஏஜென்ட் ஒருவர் அங்கேயே தங்கி, கபரே மேடையில் பெண் வேடத்தில் பாடுகிறவராகியிருக்கிறார். டூம் பேட்ரோல் அணியில் உடம்பெல்லாம் கட்டுப் போட்டிருக்கும் லாரி என்பவர், தான் ஆண்களை நேசிப்பவன் என்பதை ஒரு வாழ்நாள் முழுக்க ஒளித்து வைத்தவர், அந்த மேடையில் ஏறிப் பாடுவதாகக் கற்பனை செய்கிறார். கற்பனைதான். நிஜத்தில் எழுந்து போக இன்னும் தைரியம் வரவில்லை. சீசன் முடிவில் அந்தத் தெருவில் மிஞ்சுவது ஒரே ஒரு செங்கல். ஒரு செங்கல்லுக்காக நான் கண் கலங்கினேன், வெளியே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு இதெல்லாம் பெரிய அதிர்ச்சியாக இருக்காது. 1972-இல் முதல் இதழிலேயே வந்த இரும்புக்கை மாயாவி, கரண்ட் ஷாக் வாங்கினால்தான் மறைவார். அப்போதும் அந்த இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். அரைகுறைச் சக்திதான் சுவாரசியம் என்று நம் ஊர் வாசகர்கள் எப்போதோ ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

மார்வெல் பக்கம் வந்தால் மிஸ்டர் இம்மார்ட்டல். 1989-இல் ஜான் பைர்ன் உருவாக்கிய கிரேட் லேக்ஸ் அவெஞ்சர்ஸ் கும்பலின் தலைவர். நியூயார்க் அவெஞ்சர்ஸ் இல்லை, மில்வாக்கி அவெஞ்சர்ஸ். இவருடைய சக்தி, செத்தால் திரும்பவும் எழுந்துவிடுவார். அவ்வளவுதான். வலு கிடையாது, பறக்க முடியாது. 2022-இல் வக்கீல் ஹீரோயினின் சீரிஸான 'ஷீ-ஹல்க்' ஆறாவது எபிசோடில் இவரைக் கொண்டு வந்தார்கள். வக்கீல் ஆபீஸுக்குக் கட்சிக்காரராக வருகிறார். பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு திருமணமும் கசந்ததும் விவாகரத்துப் பேச்சை எடுக்கப் பயந்து, செத்ததாக நாடகமாடித் தப்பித்திருக்கிறார். இப்போது 'விதவை'கள் எல்லோரும் ஒன்றாகச் சேர்ந்து வந்திருக்கிறார்கள். பேச்சு கொஞ்சம் சூடானால் மனிதர் ஜன்னல் வழியாகக் கீழே குதித்துவிடுவார். காமிக்ஸில் இவருக்குப் பிரபஞ்சத்தின் முடிவு வரை வாழ வேண்டிய விதி என்று பெரிய சோகமே உண்டு. எனக்கு டிவிக்காரர்கள் செய்ததுதான் பிடித்திருக்கிறது. சாவே இல்லாத ஒருவருக்கு வீட்டில் நாலு வார்த்தை நேராகப் பேசப் பயம்!

எல்லோரும் இப்படி ஒழுங்காகச் செய்வதில்லை. என் புகார் ரால்ஃப் டிப்னி விஷயத்தில். 1960-இல் வந்த எலாங்கேட்டட் மேன். உடம்பை ரப்பராக வளைப்பவர்களைப் பார்க்கும் சிறுவன் ரால்ஃப், அவர்கள் எல்லோரும் ஒரே குளிர்பானத்தைக் குடிப்பதைக் கவனிக்கிறான். வளர்ந்ததும் அந்தக் குளிர்பானத்தில் இருக்கும் பழச்சாற்றைப் பிரித்தெடுத்துக் குடித்துத் தன் சக்தியை வாங்கிக்கொள்கிறான். துப்பறிந்து சக்தி பெற்ற ஒரு துப்பறிவாளர், எவ்வளவு அழகான கதை! 2017-இல் 'தி ஃப்ளாஷ்' நான்காவது சீசனில் என்ன செய்தார்கள்? பஸ்ஸில் போகும்போது டார்க் மேட்டர் என்ற மர்மப் பொருள் பட்டது, ரப்பராகிவிட்டார். அந்த பஸ்ஸில் இருந்த மற்றவர்களுக்கும் அப்படித்தான் ஆளுக்கொரு சக்தி வந்தது. மூக்கை நீட்டுகிற ஜோக்கு மிஞ்சியது, மூளை போய்விட்டது.

கார்ட்டூன் பக்கம், எதிர்காலத்தில் வாழும் இளம் ஹீரோக்களின் அணியான லீஜன் ஆஃப் சூப்பர் ஹீரோஸ் கூட்டத்தில் இந்த மாதிரி ஆட்கள் குவிந்து கிடக்கிறார்கள். காமிக்ஸில் அந்த அணியில் சேர வைக்கும் தேர்வில் தோற்றவர்கள் சேர்ந்து 1963-இல் தனி அணியே ஆரம்பித்தார்கள். அதில் ஸ்டோன் பாய் என்றொருவர், கல்லாக மாறுவார், மாறினால் அசைய முடியாது. கூட்டாளிகள் அவரைத் தூக்கி எதிரி தலையில் போடுவதுதான் உத்தி.

ஆனால் கார்ட்டூனாக இல்லாமல் ஆட்கள் நடிக்கும் சீரிஸாக நான் பார்க்க ஆசைப்படுவது அதே லீஜனின் மேட்டர்-ஈட்டர் லேட். 1962 டிசம்பர் இதழில் வந்தார், சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெர்ரி சீகல் எழுதியது. பிஸ்மால் என்ற கிரகத்தில் கிருமிகளால் உணவெல்லாம் விஷமாகிவிட, அந்த மக்கள் எதையும் தின்று செரிக்கிற மாதிரி மாறிவிட்டார்கள். இரும்பு, கல், சிறைக் கதவு, எதுவானாலும் சரி. இவரை வைத்து எட்டு எபிசோட் தாராளமாக எடுக்கலாம். சண்டைகூட வேண்டாம், மதியச் சாப்பாட்டு நேரத்தைக் காட்டினாலே போதும். ஒரு கட்டத்தில் சொந்தக் கிரகத்து அரசாங்கம் அவரைக் கட்டாயமாக அரசியலுக்கு இழுத்துக்கொள்கிறது. கிடைத்ததையெல்லாம் சாப்பிடுகிற ஒருவர் அரசியலில். நான் வாயைத் திறக்கவில்லை, கமெண்டில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.