விபர்நன்ட் பள்ளத்தாக்குல ஒரு பெரிய வீடு

எல்லாருக்கும் வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு விவசாயி வீட்டைப் பத்திதான் பேசப்போறேன். வடக்கு வேல்ஸ்ல பென்மாக்னோன்னு ஒரு ஊர், அங்கிருந்து குறுகலான மலை ரோட்டுல உள்ள போயிட்டே இருந்தா விபர்நன்ட் பள்ளத்தாக்கு வரும், அங்க கல்லுல கட்டி ஸ்லேட் கூரை போட்ட வீடு ஒண்ணு தனியா நிக்கும். பேரு டீ மௌர். வேல்ஸ் நாட்டு மொழியான வெல்ஷ்ல டீன்னா வீடு, மௌர்னா பெரிசு.

போட்டோவைப் பாத்தா இதையா பெரிய வீடுன்னு சொன்னாங்கன்னு தோணும். ஆனா அந்தக் காலத்துக்கு அது பெரிய வீடுதாங்க. அதுக்கு முன்னாடி வீடுன்னா ஒரே கூடம், நடுத்தரையில நெருப்பு எரியும், புகை மேல கூரை வரைக்கும் ஏறி எப்படியோ வெளிய போகும், அந்தப் புகைக்குள்ள மாடி போட முடியுமா? 16ம் நூற்றாண்டுல ஸ்னோடோனியாங்கிற இந்த வடக்கு வேல்ஸ் மலைப்பகுதியில நெருப்பைத் தூக்கி ஓரச் சுவருக்குக் கொண்டுபோய் சிம்னி வெச்சாங்க. புகை ஒழிஞ்சதும் உத்தரம் போட்டு பலகை அடிச்சு மேல படுக்க இடம் பண்ணிக்கிட்டாங்க. எனக்கு இந்த வீடுகள்ல ரொம்பப் பிடிச்சதே இந்த மாற்றம்தான்.

இந்த வட்டார வீடுகளோட அமைப்பையும் சொல்லணும். எதிரெதிரா ரெண்டு கதவு, நடுவுல நடை, ஒரு பக்கம் அடுப்பு இருக்கிற பெரிய ரூம், இன்னொரு பக்கம் பால், தானியம் வைக்க சின்ன ரூம்கள். நடுவுல தடுப்பு எப்படின்னா ஓக் மரத் தூண்ல காடி வெட்டி அதுல பலகையைச் சொருகி நிறுத்துவாங்க. ஜன்னலுக்கு கண்ணாடி கிடையாது, மரச் சட்டத்தை மூலை வெளிய பாக்கிற மாதிரி திருப்பி நட்டு உள்பக்கம் பலகைக் கதவு போட்டிருப்பாங்க. நிறைய வீட்டை சரிவுக்குக் குறுக்க கட்டாம சரிவோடயே நீட்டி கட்டினாங்க, மேலேர்ந்து வர்ற மழைத்தண்ணி குறுகலான சுவர்ல மட்டும் மோதிட்டு ரெண்டு பக்கமும் ஓடிடும்.

இந்த டீ மௌர் இருக்கிற விபர்நன்ட்லதான், குயிடிர்ங்கிற பெரிய பண்ணை எஸ்டேட்டோட குத்தகைக் குடும்பத்துல 1545 வாக்குல வில்லியம் மோர்கன் பிறந்தார். கேம்பிரிட்ஜ் போய் படிச்சு, லான்ரைய்டர் சர்ச்சுல பாதிரியாரா இருந்துகிட்டே முழு பைபிளையும் வெல்ஷ்ல கொண்டுவந்தார், 1588ல அச்சாச்சு. 1536லயே கோர்ட்ல இங்கிலீஷ் மட்டும்தான்னு சட்டம் வந்துடுச்சு, அப்படி ஒரு நேரத்துல வாராவாரம் சர்ச்சுல நல்ல வெல்ஷ் ஒலிச்சுதுன்னா அதுக்கு இந்த புக்தான் காரணம். அந்த மொழி இன்னிக்கும் உயிரோட இருக்கிறதுல இந்த மலைவீட்டுப் பையனுக்குப் பெரிய பங்கு இருக்குன்னு நான் மனசார நம்புறேன்.

1951லேர்ந்து வீடு நேஷனல் டிரஸ்ட் கிட்ட இருக்கு, பழைய கட்டடங்களையும் இடங்களையும் பாதுகாக்கிற அமைப்பு அது. 1988ல, பைபிளோட 400வது வருஷத்துல, பழைய தோற்றத்துக்கே திருப்பிக் கொண்டுவந்தாங்க. அதுல எனக்கு ஒரு வருத்தம் உண்டு, நடுவுல அங்க வாழ்ந்து மாத்திக் கட்டின குடும்பங்களும் அந்த வீட்டோட வரலாறுதானே.

இப்ப அங்க 1588 பைபிளும், கூடவே உலகத்துப் பல மொழி பைபிள்களும் வெச்சிருக்காங்க. போனா புக்கை மட்டும் பாத்துட்டுத் திரும்பிடாதீங்க, அந்த அடுப்பு முன்னாடியும் கொஞ்ச நேரம் நில்லுங்க.