படத்தைப் பார்த்தீர்களா?
(நூலக வார விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எத்தனையோ அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, இந்தத் தலைப்பில் பேச என்னைவிடத் தகுதி மிகுந்த பேராசிரியர் ஐயா அவர்களே, வாசகர் வட்டத்துச் செயலாளர் அவர்களே, இந்த விழாவுக்காக வீட்டையே மறந்து உழைத்த நூலகர் அம்மா அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, இடமில்லாமல் பின்னால் நிற்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதிலாகப் புத்தகம் தந்து வரவேற்ற வணிகப் பெருமக்களுக்குத் தனியே நன்றி சொல்ல வேண்டும். ஊரில் நடக்கும் எல்லா விழாக்களிலும் இதுவே வழக்கமாக வேண்டும் என்று நகர்மன்றத் தலைவர் முன்னிலையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

‘திரைப்படமும் ஊடகமும் சர்ச்சையும்’ என்பது எனக்குத் தந்த தலைப்பு. தணிக்கை, தொலைக்காட்சி விவாதம், பத்திரிகை விமர்சனம் என்று மூன்று பகுதிகளாகப் பேச எண்ணி வந்திருக்கிறேன். மூன்றுக்கும் பொதுவாக நம் முன்னோர் சொல்லிவைத்தது ஒன்று உண்டு: கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். நான் எந்த மேடையில் ஏறினாலும் இதைச் சொல்லாமல் இறங்குவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

2013 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். கமல்ஹாசனின் ‘விஸ்வரூபம்’ படம் 25ஆம் தேதி வெளிவர இருந்தது. தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுத்துவிட்டது. இஸ்லாமிய அமைப்புகளின் தலைவர்களுக்கு முன்கூட்டியே படம் திரையிட்டுக் காட்டப்பட்டது. அவர்கள் பார்த்தார்கள், பார்த்த பிறகு முஸ்லிம்களைத் தவறாகக் காட்டுகிறது என்று ஆட்சேபம் சொன்னார்கள். அந்த ஆட்சேபத்தை நான் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அவர்கள் வந்த வழி நேர்மையான வழி. சட்டம் ஒழுங்கைக் காரணம் காட்டி 144ஆம் பிரிவின் கீழ் இரண்டு வாரத் தடை வந்தது. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதி என்ன செய்தார்? படத்தைப் பார்த்தார்! பார்த்துவிட்டு 29ஆம் தேதி இரவு தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அவருடைய உத்தரவை நிறுத்திவைத்தது. பிறகு பேச்சுவார்த்தை, சில இடங்களில் ஒலி நீக்கம், பிப்ரவரி 7ஆம் தேதி வெளியீடு.

அந்த நாட்களில் நம் பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள தேநீர்க் கடைக்கு ஒரு தொலைக்காட்சி நிருபர் வந்தார். சின்ன வயது, நல்ல பிள்ளை. கையில் மைக், பின்னால் கேமரா. “படத்தைத் தடை செய்தது சரியா?” என்று கேட்டார். ஒரு தம்பி, “நூற்றுக்கு நூறு சரி!” என்று மேசையைத் தட்டினார். இன்னொரு தம்பி, “அநியாயம்!” என்று பெஞ்சின் மேலேயே ஏறிவிட்டார். கூட்டம் சேர்ந்துவிட்டது. விசில் ஊத வேண்டிய நடத்துநர் பஸ்ஸை நிறுத்திவைத்து வேடிக்கை பார்க்கிறார். அப்போது பக்கத்துக் கடையிலிருந்து நம் தையல்கார பாய், கழுத்தில் அளவு நாடாவோடு, டீ குடிக்க வந்தார். தலையில் தொப்பியைப் பார்த்ததும் நிருபர் ஓடிவந்து மைக்கை நீட்டினார். “பாய், உங்கள் மனம் புண்பட்டிருக்கிறதா?”

பாய் நிதானமாக டீயைக் கீழே வைத்தார். “நான் இன்னும் படம் பார்க்கவில்லை தம்பி.”

“பரவாயில்லை பாய், ஒரு வரி சொன்னால் போதும்.”

“அளவு எடுக்காமல் சட்டை தைக்கச் சொல்கிறீர்களே தம்பி! படம் வரட்டும், பார்க்கிறேன். அப்புறம் வாருங்கள், புண்பட்டதா இல்லையா என்று சொல்கிறேன்.”

டீ மாஸ்டர் கை தட்டினார். கூட்டமே கை தட்டியது. அன்று இரவு அதே கடையில் கூடி அந்தச் சேனலைப் பார்த்தோம். மேசையைத் தட்டியவர் வந்தார், பெஞ்சில் ஏறியவர் வந்தார், திரும்பத் திரும்ப வந்தார்கள். பாய் வரவே இல்லை. பிப்ரவரியில் பாய் படத்தைப் பார்த்தார். எந்தக் காட்சி உறுத்தியது, எந்தக் காட்சி பிடித்தது என்று கடைத் திண்ணையில் உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினார். அதைக் கேட்க எந்த மைக்கும் வரவில்லை.

இந்த ஊரில் தீர விசாரித்த மனிதர் அவர். அவரைத்தான் வெட்டி எறிந்தார்கள். தொலைக்காட்சி விவாதத்தின் கோளாறே இதுதான். கேள்வியை ஆமா, இல்லையா என்று இரண்டாகப் பிளந்துவிட்டால், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவருக்கு உட்கார நாற்காலி இருக்காது.

‘பத்மாவத்’ என்ற இந்திப் படத்தின் விஷயத்தில் நடந்தது இன்னும் கொடுமை. 2017 ஜனவரியில் ஜெய்ப்பூர் படப்பிடிப்புத் தளத்திலேயே இயக்குநர் பன்சாலியைத் தாக்கினார்கள். எடுத்தே முடிக்காத படம்! டெல்லி சுல்தான் அலாவுதீன் கில்ஜிக்கும் சித்தூர் ராணி பத்மினிக்கும் இடையே கனவுக் காட்சி இருக்கிறதாம் என்று ஒரு வதந்தி. இல்லவே இல்லை என்று அவர் மறுத்துக்கொண்டே இருந்தார். சேனல்கள் அந்த வதந்தியை வைத்தே மாதக்கணக்கில் சண்டை நடத்தின. 2018 ஜனவரி 18 அன்று மாநிலங்களின் தடைகளை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. படம் வெளியாவதற்கு முந்தின நாள் குருகிராமில் பிள்ளைகள் இருந்த பள்ளிப் பேருந்தின் மீது கல் விழுந்தது. அந்தக் கல்லை எறிந்தவர் எந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு எறிந்தார்? காதால் கேட்டதற்கே கல்!

நம் தமிழ்ப் படத்துக்காகப் பிறந்த ஒரு தீர்ப்பை மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இட ஒதுக்கீட்டைத் தொட்ட ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் சான்றிதழை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. 1989இல் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. ஆர்ப்பாட்டம் வரும், வன்முறை வரும் என்ற மிரட்டலுக்காகக் கருத்துரிமையை நசுக்கக் கூடாது, அந்த உரிமையைக் காப்பது அரசின் கடமை என்று சொன்னது. படத்தின் கருத்து எனக்கு உடன்பாடானதா என்பது வேறு. திரையில் பார்த்துவிட்டு எதிர்த்துப் பேசும் உரிமை எனக்கு வேண்டும். அதற்காகவே அது திரைக்கு வர வேண்டும்.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். பத்திரிகை விமர்சனத்தை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம். நான் எதற்காக வந்தேனோ அதைச் சொல்லிவிடுகிறேன். நம் நூலகத்தின் மாடியில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறக்க வேண்டும். ஒரு புரொஜக்டர், ஒரு வெள்ளைத் திரை, ஐம்பது நாற்காலி. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முறையான அனுமதி பெற்று ஒரு படம், அதன் பின் ஒரு மணி நேரம் பேச்சு. பாய் பேசட்டும், மேசையைத் தட்டிய தம்பியும் பேசட்டும். படம் பார்த்தவர்கள் பேசும் ஊரில் நிருபர் வந்து யாரிடம் மைக்கை நீட்டினாலும் கவலையில்லை. தீர விசாரிப்பதற்கு ஓர் இடம் வேண்டும் ஐயா, அதற்கு நூலகத்தைவிடப் பொருத்தமான இடம் எது?

பணத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். 1948இல் சென்னை மாகாணம் பொது நூலகச் சட்டம் இயற்றியது. சுதந்திர இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் முதலில் பிறந்தது இங்கேதான். நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் பாடுபட்டுப் பெற்றுத் தந்த சொத்து அது. அந்தச் சட்டப்படி இன்று நாம் சொத்து வரி கட்டும்போது ரூபாய்க்கு 10 காசு நூலக வரியும் சேர்த்துக் கட்டுகிறோம். நம் வீட்டு ரசீதை எடுத்துப் பாருங்கள், இருக்கும். அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்குச் சேர வேண்டிய பணம். மாடி அறையைத் திறக்க அதிலிருந்து கேட்க நமக்கு முழு உரிமை இருக்கிறது.

மாவட்ட நூலக அலுவலருக்கு எழுதிய மனு வாசலருகே மேசையில் இருக்கிறது. நகர்மன்றத் தலைவர் அம்மையார் முதல் கையெழுத்தை இட்டு வைக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மற்றவர்கள் பெயரோடு முகவரியும் சேர்த்து எழுதுங்கள். முகவரி இல்லாத கையெழுத்தை எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று நூலகர் அம்மா சொல்லியிருக்கிறார்கள். மாணவர்கள் வரிசையாக வாருங்கள், பேனா மேசையிலேயே இருக்கிறது. வணக்கம்.